நூற்றைம்பது அடி பின்னால்

1.

இந்தக் கதை ஒரு குமட்டலில் பிறந்தது. மறைத்துப் பயனில்லை.

நான் வேலை பார்க்கும் வேட்டைச் சாமான் கடையில், ஆகஸ்ட் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், ஐம்பத்தொன்பது வயது ஆர்லன் ஸ்கோக்லண்ட் எல்க் மானை அழைக்கும் ஊதல் ஒன்றை வாய்க்குள் விட்டு அண்ணத்தில் ஒட்டவைத்தான். மூன்று எண்ணுவதற்குள் முகம் வெளிறி, கண்ணில் நீர் முட்ட, கடைக்குள் அங்குமிங்கும் ஓடினான். அவன் மனைவி நெவா குப்பைக்கூடையை ஏற்கெனவே கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடம் ஆனவர்களுக்குத்தான் இந்த முன்யோசனை வரும்.

அந்த நிமிடமே இவர்களை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். அவர்களிடமும் சொன்னேன். ஆர்லன் வாயைத் துடைத்துக்கொண்டே, "என்னைக் கொஞ்சம் நல்லவனாப் போடு, வேலு," என்றான். நெவா, "உள்ளது உள்ளபடி போடு," என்றாள். இரண்டையும் ஒரே கதையில் செய்ய முடியுமா என்று நாலு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

(முதல் பிரதியில் அவனை 'அவர்' என்றும் அவளை 'அவள்' என்றும் எழுதியிருந்தேன். கை பழக்கதோஷத்தில் செய்த வேலை. இப்போது அவன், அவள். இந்த ஒரு காரியத்திலாவது இருவரையும் ஒரே தட்டில் வைத்தாயிற்று.)

2.

எழுதி அடித்த தொடக்கங்கள் சில:

'செப்டம்பரின் முதல் உறைபனி புல்நுனிகளில் வெள்ளியாய்—'

(வேண்டாம். இந்த மொன்டானா ஊரில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். உறைபனியைப் பார்த்தால் கார்க் கண்ணாடியைச் சுரண்டணுமே என்றுதான் தோன்றும். வெள்ளி எல்லாம் தோன்றாது.)

'எல்க் என்பது நம்மூர்க் கடமானுக்குப் பெரியப்பா பிள்ளை. ஆண் முந்நூறு கிலோவுக்கு மேல் தேறும். செப்டம்பர் வந்தால் ஆண்கள் கத்திக் கூப்பாடு போட்டுப் பெண்களைக் கூட்டம் சேர்க்கும். அந்தச் சமயத்தில் மனிதர்கள் காட்டில் மறைந்திருந்து பெண்மானின் குரலை ஊதினால்—'

(பள்ளிக்கூடப் பாடம். ஆனால் தேவையான பாடம். அடித்தாலும் படிக்கிற மாதிரியே அடித்திருக்கிறேன்.)

'பத்தொன்பது வருடமாகக் குலுக்கலில் பெயர் போட்டுவந்த நெவாவுக்கு இந்த வருடம் சீட்டு விழுந்தது.'

இது நிற்கும். இங்கிருந்தே போகலாம்.

லோன் பைன் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மலைத்தொகுதியில் ஆண் எல்க் ஒன்றை வேட்டையாட அரசாங்கம் வருடத்துக்கு விரல்விட்டு எண்ணுகிற அளவு சீட்டுதான் கொடுக்கும் (ஆர்லன் போகிற மற்ற மலைகளுக்குக் குலுக்கல் இல்லை, கடையிலேயே உரிமம் வாங்கிக்கொள்ளலாம்). நாடெங்குமிருந்து ஆயிரக்கணக்கான பேர் பெயர் போடுவார்கள். யார் பெயரில் விழுகிறதோ அவர்தான் எய்யவேண்டும். புருஷனுக்கோ தம்பிக்கோ கைமாற்றிவிட முடியாது. இந்தப் பருவம் போனால் போனதுதான், அடுத்த குலுக்கலில் மறுபடி முதல் படியில் நிற்கவேண்டும். நெவாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. இன்னொரு பத்தொன்பது வருடம் கழித்து விழுந்தால் எழுபத்தேழு. அந்த வயதில் வில்லை வளைக்கிறவர்கள் இருக்கலாம், நான் பார்த்ததில்லை.

ஆக, வில்வேட்டைப் பருவமான ஆறு வாரம்தான் அவளுக்கு. கதையில் போவதும் வருவதும் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

இதில் ஒரு சிக்கல். இருபத்தாறு வருடமாக அந்த வீட்டில் அழைப்பவள் நெவா. எய்பவன் ஆர்லன். அவர்கள் வண்டிக்கொட்டகைச் சுவரில் பதினான்கு ஜோடிக் கொம்பு மாட்டியிருக்கிறது. பதினான்கு புகைப்படமும் இருக்கிறது. பதினான்கிலும் ஆர்லன் மண்டியிட்டுப் பல்லைக் காட்டுகிறான். நெவா ஒன்றிலும் இல்லை, ஏனென்றால் படம் எடுத்தது அவள். இப்போது அவள் வில்லோடு முன்னால் போகவேண்டும். பின்னால் உட்கார்ந்து ஊத யார்?

3.

தஞ்சாவூரில் இருக்கும் என் நண்பர் ஒருவர்தான் என் பிரதிகளை முதலில் படிப்பவர். அவர் போனில் சொன்னார்: "ஏன்யா, அந்தம்மாவுக்குக் கோவமே வரலியா? இருவத்தாறு வருஷம் அது கூப்பிட்டுக் குடுத்திருக்கு, இந்தாளு அம்பு விட்டுட்டுப் போட்டோ எடுத்துக்கிட்டிருக்கான். ஒரு எடத்துலயாவது பொங்கணும்யா. இல்லாட்டி பாத்திரம் நிக்காது."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அவள் கொட்டகையில் தனியாக நின்று கொம்புகளை முறைப்பதாக ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எழுதினதும் ஒரு உறுத்தல். நெவாவிடம் போய், கதையில் நீங்கள் இப்படிக் கோபப்படுகிறீர்கள் என்று சொன்னேன். அவள் சமையல்மேடையில் எல்க் இறைச்சியை அரைத்துக் கொத்தமல்லி விதை தூவிப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"கோவமா? எதுக்கு?"

"பதினாலு மானையும் அவர் பேர்ல எழுதிக்கிட்டாரேன்னு."

சிரித்தாள். "வேலு, நான் ஊதினா முந்நூறு கிலோ மிருகம் ஒண்ணு, சாப்பாடு தண்ணி மறந்து, என் பேச்சை நம்பி மலையெறங்கி வருது. இவன் என்ன பண்றான்? ஒரு கயித்தை இழுத்து விடறான். யாருக்கு யார் மேல பொறாமை வரணும், சொல்லு?"

வீட்டுக்கு வந்து ஒன்றரைப் பக்கத்தையும் அடித்தேன். பாத்திரம் நிற்காவிட்டால் உட்காரட்டும்.

நெவாவை நான் மெச்சுகிறேன், அதை ஒளித்துவைக்கிற வித்தையெல்லாம் எனக்குத் தெரியாது. அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு நாற்பது நிமிடம் காலி வண்டியைத் திருப்பி ஓட்டிவரும்போது ஊதிப் பழகுவாள்.* கன்றைத் தேடும் தாய், கூட்டத்தைவிட்டு விலகின கிடாரி, 'இங்கேதான் இருக்கேன்', 'நான் போறேன் போ'. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே ஒலிதான் எனக்கு. அவளுக்கு அது முழுப் பாஷை. ஆனால் நான் வியப்பது ஊதுவதை அல்ல. ஒரு தடவை ஊதிவிட்டு, ஊதலை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, பதினோரு நிமிடம் அசையாமல் இருப்பாள். ஒரு தடவை கடிகாரம் பார்த்திருக்கிறேன். அந்தப் பதினோரு நிமிடத்தில்தான் மான் வருகிறது. அப்படிச் சும்மா இருக்க எனக்கு எழுத்தில் இன்னும் வாய்க்கவில்லை.

* இந்த ஊரில் எல்லாரும் வண்டிக்குள்தான் ஊதிப் பழகுவார்கள். வீட்டில் ஊதினால் நாய் கட்டிலுக்கடியில் போய்விடும், பெண்டாட்டியோ புருஷனோ வெளியில் போய்விடுவார்கள். ஆகஸ்டில் சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர் கன்னத்தை உப்பிக்கொண்டு கண்ணை மூடியிருந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியதில்லை.

4.

இப்போது மறுபடி கடைக்கு வருவோம். குப்பைக்கூடை கீழே வைக்கப்பட்டது.

"உன் தம்பி ராய்ஸ் ஊதட்டும் நெவா," என்றான் ஆர்லன். "அவன் ஊதினா மான் என்ன, மாமியாரே எறங்கி வருவா."

"நீதான் ஊதற."

"ஊர்ல பாதிப் பேர் ஊதறேன்னு நிக்கறான். நானா? ஏன்?"

"நீ ஊதினதே இல்ல. அதான்."

அதற்கு மேல் காரணம் கேட்டால் அவள் சொல்லமாட்டாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். முதல் பிரதியில் அவளுக்கு நானே ஒரு காரணம் கொடுத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.

லாடம் மாதிரி வளைந்த சட்டத்தில் மெல்லிய ரப்பரை இழுத்துக் கட்டிய வகைதான் ஆர்லனைக் கவிழ்த்தது. கை இரண்டும் சும்மா இருக்கும் என்பதால் தேர்ந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் வாங்குவார்கள். நான் கத்திரிக்கோலால் ஓரத்தைக் கத்தரித்துச் சின்னதாக்கிக் கொடுத்தேன். மறுபடியும் கூடை.

"நாலு மணி நேரம் ஏலம் கத்தற வாய்," என்றாள் நெவா. "இத்துனூண்டு ரப்பரைத் தாங்காதா?"

"கத்தறது வெளிய போறது தாயே. இது உள்ள வருது."

அடுத்து, கையால் அமுக்கினால் கூவும் ரப்பர்க் குமிழ். ஆர்லனுக்கு ரொம்பப் பிடித்தது. நாலு தடவை அமுக்கிப் பார்த்தான், நாலும் அச்சடித்த மாதிரி ஒன்றுபோல வந்தது. நெவா வாங்கித் திரும்ப அலமாரியில் வைத்தாள். "சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்றவனை மானு நம்பாது. நானே நம்பமாட்டேன்."

மூன்றாவது, நாகஸ்வரச் சீவாளியைப் போல உதட்டில் கடித்துப் பிடிக்கிற வகை. கடியை இறுக்கினால் குரல் ஏறும், விட்டால் இறங்கும். வாய்க்குள் போகாது. ஆர்லன் கடித்து ஊதினான். துருப்பிடித்த கீலைத் திறந்தது மாதிரி இருந்தது. முதலாளியின் நாய் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டது. நெவா மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இது சரி," என்றாள்.

"இதா? எனக்கே சகிக்கல."

"காட்டுல மானும் சில நேரம் இப்படித்தான் மட்டமாக் கத்தும். கொரலை விடு. உன் பிரச்சனை நிறுத்தறதுதான்."

நிறுத்துவது. ஆர்லன் வியாழக்கிழமைதோறும் கால்நடைச் சந்தையில் ஏலம் விடுகிறவன். மூச்சு விடுகிற இடைவெளியில்கூட நாக்கு உருண்டுகொண்டே இருக்கும். "சத்தம் நின்னா வெலை செத்துடும்" என்பது அவன் தொழிலின் முதல் பாடம். நெவாவின் முதல் பாடம் நேர் எதிர்: ஒரு தடவை ஊது, அப்புறம் நானூறு எண்ணு. ஆகஸ்ட் முழுக்கப் பிக்கப் வண்டியில் பழகினான். அறுபதுக்கு மேல் எண்ண முடியவில்லை என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னான். அறுபதில் கை தானாக வாய்க்குப் போய்விடுகிறதாம்.

கடையைவிட்டுப் போகும்போது ஆர்லன் இன்னொன்றைத் தடவிப் பார்த்தான். ஆண் எல்க் மாதிரிக் கத்த உதவும் நெளிநெளியான நீளக் குழாய்.

"அதைத் தொடாத," என்றாள் நெவா திரும்பிப் பார்க்காமலே.

5.

நான் இந்தக் கதையில் எதற்கு இருக்கிறேன் என்று கேட்கலாம். சுமைதூக்க. எல்க் விழுந்தால் அதைக் கூறுபோட்டு முதுகில் வைத்து நாலைந்து மைல் இறக்கவேண்டும். முழங்கால் நன்றாக இருக்கிற நண்பர்களை ஜூலையிலேயே ஆள் பிடித்து வைப்பார்கள். என் இலக்கியத் திறமைக்காக யாரும் என்னை மலைக்குக் கூப்பிட்டதில்லை.

முறை இதுதான். வில்லோடு இருப்பவர் முன்னால் ஒரு மரத்தை ஒட்டி உட்காருவார். ஊதுபவர் நூற்றைம்பது அடி பின்னால். மான் முட்டாள் இல்லை. கூப்பிட்ட பெண் கண்ணில் படவேண்டிய தூரம் வந்ததும் நின்று தேடும். அது நிற்கிற இடமும் வில்லுக்காரர் இருக்கும் இடமும் ஒன்றாக அமையவேண்டும். வில்லோடு இருப்பவரே ஊதினால் மான் நேராக அவரையே பார்த்துக்கொண்டு தூரத்தில் நின்றுவிடும், வில்லைத் தூக்கினதும் ஓடிவிடும். அதனால்தான் நெவாவின் அத்தனை வித்தையும் நெவாவுக்கு உதவாது. தன்னைத் தானே அழைத்துக்கொள்ள முடியாது.

முதல் மூன்று வாரக்கடைசியும் வீண். ஆர்லன் ஊதினான், ஊதினான், ஊதிக்கொண்டே இருந்தான். ஒரு ஆண் இரண்டு தடவை பதில் சொல்லிவிட்டு, இவ்வளவு வாயாடியான பெண் நமக்கு ஆகாது என்று நினைத்ததோ என்னவோ, அடங்கிவிட்டது.

நாலாவது சனிக்கிழமையைப் பற்றி எழுதும்போது என் குற்றத்தையும் எழுதவேண்டும். மலைமுகட்டில் மழைச்சட்டையை எடுக்க என் பையைத் திறந்தேன். உள்ளே சுருட்டி வைத்திருந்தது அந்த நீளக் குழாய். ஆர்லன் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தான். நானும் பேசாமல் இருந்தேன். ஏன் என்று தெரியவில்லை. ஆண்கள் இப்படிச் சில இடங்களில் காரணமில்லாமல் கட்சி சேர்ந்துவிடுகிறோம்.

கீழே புல்வெளியில் பதினைந்து பெண்கள். அவற்றைச் சுற்றி ஒரு ஆண், ஒவ்வொரு பக்கமும் ஆறு கிளை விட்ட கொம்பு. நெவா முன்னால் போய்ப் பதுங்கிவிட்டாள். ஆர்லன் சீவாளியில் ஒரு தடவை ஊதினான். ஆண் தலையைத் தூக்கிப் பார்த்தது. பெண்களைவிட்டு எங்கள் பக்கம் பத்தடி வந்தது. நின்றது. நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. அறுபது.

ஆர்லன் குழாயை எடுத்தான்.

என்ன ஒரு சத்தம்! முப்பது வருடம் ஏலம் விட்ட நெஞ்சு அது. அடியிலிருந்து உறுமி எழுந்து உச்சிக்குப் போய்க் கிரீச்சிட்டு, கடைசியில் நாலு முக்கலோடு இறங்கியது. எதிர்மலை அதைத் திருப்பிச் சொன்னது. கீழே அந்த ஆண் ஒரு கணம் கேட்டது. பிறகு திரும்பிப் போய்ப் பதினைந்து பெண்களையும் கொம்பால் குத்தித் துரத்தி ஒன்றாக்கி, மேட்டுக்கு அந்தப்புறம் ஓட்டிக்கொண்டே போய்விட்டது. குடும்பஸ்தன். புதுச் சண்டியர் வந்தால் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதுதான் அதற்கு முக்கியம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது நுணலின் பெண்டாட்டி.

நெவா மேலேறி வந்தாள். கையை நீட்டினாள். ஆர்லன் குழாயைக் கொடுத்தான். அவள் அதை ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள்.

"நல்லா இருந்துச்சு," என்றாள்.

"நெவா, நான் வந்து—"

"நெசமாவே நல்லா இருந்துச்சு. அதான் ஓடிட்டான்." குழாயை என் பையிலேயே செருகினாள், என்னை ஒரு பார்வை பார்த்து. "ஆர்லன், எனக்கு நீ பெரிய ஆம்பளையா இருக்கவேணாம். அதுதான் மலை பூரா திரியுதே. ஒரே ஒரு பொட்ட மானா இரு. முடியுமா?"

ஐந்தாவது வாரம் அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு குளம்படிகூடக் கிடைக்கவில்லை.

6.

'அன்று வீட்டில் ஆர்லன் கண்ணாடி முன் நின்று, தன் முகத்தை வெகுநேரம்—'

(நான் அங்கே இல்லை. கண்ணாடி முன் நிற்கிற மனிதர்கள் கதைகளில்தான் அதிகம்.)

கதை இந்த இடத்தில் ஒரு மனமாற்றம் கேட்கிறது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், மனமாற்றம் உண்டா என்று நீங்களே பாருங்கள். கடைசி வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை, சந்தையில், எட்டுச் சினைப்பசுக்கள் ஏலத்துக்கு நிற்க, ஆர்லன் ஒரு விலையைச் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டான். சும்மா நிறுத்திவிட்டான். கடைக்கு இந்தச் சம்பவம் மூன்று வடிவங்களில் வந்தது. ஒன்றில் பத்து விநாடி, ஒன்றில் அரை நிமிடம். மூன்றிலும் பொதுவானது, முன்வரிசையிலிருந்து ஒரு பண்ணைக்காரர் எழுந்து, "யாராவது ஓடுங்கப்பா, ஆர்லனுக்கு நெஞ்சுவலி!" என்று கத்தியது. அதற்குள் மௌனம் தாங்காமல் இரண்டு பேர் விலையை ஏற்றிவிட்டார்கள்.

மறுநாள் அவன் கடைக்கு வந்தான். எதுவும் வாங்கவில்லை. சீவாளிகள் தொங்குகிற அலமாரி முன்னால் நின்று, "வேலு, சும்மா இருந்தா ஆளுங்க நம்ம பக்கம் சாயறாங்கப்பா," என்றான். ஏதோ புதுக் கண்டம் கண்டுபிடித்தவனைப் போல.

7.

கடைசி ஞாயிறு. அக்டோபர் நடு. ஆண்களின் கூப்பாடு பெரும்பாலும் அடங்கியிருந்தது. காலைச் சூரியன் எதிர்ச்சரிவில் மட்டும் விழுந்திருந்தது. காற்று இன்னும் மலையிலிருந்து கீழ்நோக்கித்தான் வந்தது. நிலம் சூடேறியதும் அது மேல்நோக்கித் திரும்பிவிடும், எங்கள் வாடையை எடுத்துக்கொண்டு. நமக்கு இருப்பது ஒரு மணி நேரம் என்று நெவா சொல்லிவிட்டு, இளம் பைன் மரங்களுக்குள் நடந்து மறைந்தாள். ஆர்லனும் நானும் பின்னால்.

ஒரு தடவை ஊதினான். கீல் சத்தம்தான், ஆனால் துருவில்லை.

நூறு எண்ணினேன். இருநூறு. ஆர்லனின் கை தொடையின்மேல் இருந்தது, விரல்கள் துணியைப் பற்றியிருந்தன. முந்நூற்றுப் பத்தில், மேலே சரிவிலிருந்து ஒரு ஆண் பதில் சொன்னது. ஆர்லன் ஊதவில்லை. நானூறுக்குப் பிறகு ஒரே ஒரு தடவை, மெல்ல. இப்போது பதில் கிட்டத்தில் வந்தது. பிறகு கொம்பால் மரத்தைப் போட்டுத் தேய்க்கிற சத்தம், கிளை முறிகிற சத்தம். அங்கேயே நின்றுவிட்டது. வரவில்லை. நெவாவின் அம்பு போகிற தூரத்துக்கு அப்பால் நின்று, 'நீ வா' என்கிறது.

எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மரங்கள்தான் தெரிந்தன.

ஆர்லன் என்னைப் பார்த்தான். என்ன செய்யவேண்டும் என்று அவனுக்குத் தெரியும், நெவா நூறு தடவை சொல்லியிருக்கிறாள். திரும்பு. முதுகைக் காட்டு. சலித்துப்போய்க் கிளம்புகிற பெண்ணைப் போல நடந்து போ. போகப் போக அந்த ஆண் பதறிப் பின்னால் வரும், வருகிற வழியில் நான் இருப்பேன், என்பாள்.

எழுந்தான். நெவா இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டினான். ஒரு அடி, இன்னொரு அடி. காய்ந்த சுள்ளியை வேண்டுமென்றே மிதித்தான். நானும் கூடவே போனேன். அவளைவிட்டு ஒவ்வொரு அடி தள்ளிப் போகும்போதும் அவன் கழுத்து நரம்பு புடைத்தது. முந்நூறடி தள்ளி, எதிர்மலையைப் பார்த்து நின்று, ஒரே ஒரு தடவை ஊதினான். 'நான் போறேன் போ.' எனக்கே அந்த வார்த்தை கேட்டது, பாஷை தெரியாத எனக்கு.

பிறகு சீவாளியை உதட்டிலிருந்து எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டினான். ஒரு மரத்தடியில் உட்கார்ந்தான்.

கொம்பு தேய்க்கிற சத்தம் நின்றது. அதற்கப்புறம் எதுவும் இல்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். எதிர்ச்சரிவு வெயில் எங்கள் காலருகே வந்துவிட்டது.

"என்னதான் நடக்குது அங்க?" என்று கிசுகிசுத்தான்.

"தெரியல."

"ஒண்ணுமே பாக்க முடியலியேடா."

இன்னும் கொஞ்ச நேரம். பிறகு, "பதினாலு," என்றான்.

"என்ன பதினாலு?"

"பதினாலு தடவை அவ இங்க உக்காந்திருக்கா. ஒரு தடவையாவது அவ பாத்திருக்காளா, வேலு? மானு வர்றதை? நிக்கறதை?" சட்டைப்பைப் பொத்தானைத் திருகினான். "நான் கேட்டதே இல்லப்பா. எய்ததும் ஓடி வந்து கதை சொல்லுவேன். அங்க வந்துச்சு, இப்படித் திரும்புச்சு, கண்ணு எப்படி இருந்துச்சு, எல்லாம். கைய ஆட்டி ஆட்டிச் சொல்லுவேன். அவ கேட்டுக்கிட்டே நிப்பா."

அழுதான். ஏலக்காரன் அழுதால் சத்தமாக அழுவான் என்று நினைத்திருந்தேன். இல்லை.

8.

முடிவுகள்.

(அ) மரங்களுக்கு அந்தப் பக்கம் நாண் அதிரும் ஒரு 'தப்'. அறுபது தப்படி ஓடி மான் விழுகிறது. நான் நாலு மைல் சுமக்கிறேன். தஞ்சாவூர் நண்பருக்கு இது பிடிக்கும்.

(ஆ) காற்று ஐந்து நிமிடம் முந்தித் திரும்பிவிடுகிறது. மான் வாடையைப் பிடித்து நாயைப் போல ஒரு குரைப்பு குரைத்துவிட்டுப் பாய்கிறது. பத்தொன்பது வருடம் போச்சு.

(இ) இருபதடியில் மான் வந்து நிற்கிறது. நெவா வில்லை முழுக்க இழுக்கிறாள். பார்க்கிறாள். இத்தனை வருடம் கூப்பிட்டும் பார்க்காத ஒன்றைப் பார்க்கிறாள், பார்த்துக்கொண்டே—

மூன்றையும் எழுதி வைத்திருக்கிறேன். எது நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். பிகு பண்ணவில்லை, நடந்ததை உள்ளபடி சொல்லப்போனால் நாங்கள் இருந்த இடத்தில் முடிவு கிடையாது. மரங்கள் இருந்தன. நீங்களும் எங்களோடு இந்த மரத்தடியில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். எழுந்து எட்டிப் பார்க்காதீர்கள், சுள்ளி முறியும்.

நெவா மரங்களுக்கு இடையிலிருந்து வந்தாள். கையில் வில். கன்னம் நனைந்திருந்தது. அது சந்தோஷத்துக்கும் நனையும், துக்கத்துக்கும் நனையும். இடுப்பிலிருந்த கூட்டில் எத்தனை அம்பு மிச்சமிருந்தது என்று கேட்பீர்கள். நான் எண்ணவில்லை.

ஆர்லன் எழுந்தான். வாய் திறந்தது. இருபத்தாறு வருடப் பழக்கம், கைகூட ஆடுவதற்குத் தூக்கியாயிற்று. அவன் என்ன கேட்கப்போகிறான் என்று எனக்குத் தெரியும், உலகத்தில் எந்த வேட்டைக்காரனும் முதலில் கேட்கிற அதே கேள்வி: விழுந்துச்சா?

அவன் கையை இறக்கினான். தன் கோட்டைக் கழற்றி ஈர மண்ணில் விரித்தான்.

"உக்காரு," என்றான். "மொதல்லேர்ந்து சொல்லு. நான் ஒண்ணும் பேசல."

அவள் கோட்டையும் அவனையும் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள், வில்லைப் பக்கத்தில் வைத்தாள், கையுறையை ஒவ்வொரு விரலாக உருவினாள். இதற்குமேல் நான் ஒரு வாக்கியம் எழுதினாலும் அவளை முந்திக்கொண்டு சொன்னவன் ஆவேன். அந்த வேலையைச் செய்ய அவளுக்கு இனி ஆள் தேவையில்லை. நீங்கள் தள்ளி உட்கார்ந்து, காதைக் கொடுங்கள்.

"மொதல்ல அது வரல," என்றாள் நெவா. "மொதல்ல ஒரு சின்ன அணில் வந்து என் பூட்ஸ் மேல ஏறி நின்னுச்சு."